எதிர்பாராத நிகழ்வுகளின் பட்டியல்

சுயாதீன ஆவணப்பட இயக்குநர் என்று பதிவு செய்துகொள்ள, நான் யாரையும் சார்ந்து இல்லை என்று நான்கு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் நான் வேலை பார்க்கும் இடத்தின் மேலாளர். ஒருவர் மருத்துவர். ஒருவர் குறைந்தது ஐந்து வருடமாக என்னைத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர். நான்காமவர் என்னைச் சுத்தமாகத் தெரியாதவராக இருக்க வேண்டும். இந்த நான்காவது கையெழுத்துக்குத்தான் அதிகம் அலைந்தேன். முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்தி விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு என்னைத் தெரிந்துவிடுகிறது. பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டார். சொன்னால் கையெழுத்து செல்லாமல் போய்விடும் என்று காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நன்றி சொல்லாதது சரியா என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

என் பகல் வேலை ஒரு மருந்துக் கிடங்கில். பெட்டிகளில் காலாவதித் தேதி பார்க்க வேண்டும், கம்பியில் தொங்கும் ஈய முத்திரையை யாரும் நோண்டவில்லையே என்று பார்க்க வேண்டும், பார்த்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு ஆவணப்பட வகுப்பு. ஒரு தொடக்கப்பள்ளியின் இரண்டாம் வகுப்பு அறையில் நடக்கும். பெஞ்சுகள் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு அளவெடுத்தவை. பதினான்கு பேர் முழங்காலை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து உண்மையைப் பற்றிக் குறிப்பெடுப்போம்.

எங்கள் ஆசிரியர் இருபத்திரண்டு வருடமாகச் சுயாதீன இயக்குநர். சுயாதீன ஆவணப்பட வாரியம் அவருடைய பதினோரு படிவங்களுக்கு ஒப்புதல் தந்திருக்கிறது. நான்காவது படிவத்துக்குக் கேடயமும் தந்திருக்கிறது.

"பாலம் கட்டுறவங்களைப் பத்தினது," என்றார் முதல் வகுப்பில். "தேர்வுக் குழுவுல ஒரு அம்மா படிச்சிட்டு அழுதுட்டாங்க. அஞ்சாவது பத்தியிலயே கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்களாம்."

"அதை எங்க சார் பார்க்கலாம்?" என்று கேட்டேன்.

"எதை?"

"பாலப் படத்தை."

"படிவத்துக்கே கேடயம் குடுத்துட்டாங்கம்மா. அதுக்கு மேல படம் வேற எடுத்து யாராவது அதைக் கெடுப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று எழுதக் குறிப்பேட்டில் இரண்டு வரி இடம் விட்டேன். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

எனக்குக் கேடயம் வேண்டாம். அம்மாவைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நாங்கள் ஆறாவது மாடியில் இருக்கிறோம். கட்டடத்தின் லிஃப்ட் நின்று இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகிறது. அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டதால் அவள் கீழே இறங்கியும் அவ்வளவு காலம் ஆகிறது. அம்மாவின் ஒரே அக்கா, என் பெரியம்மா, அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் இருக்கிறாள். பெரியம்மாவுக்கு இதயக் கோளாறு. ஒரு படிகூட ஏறக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே அக்காவும் தங்கையும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இரண்டு வருடமாக முகம் பார்க்கவில்லை. போனில் வீடியோ இருக்கிறதே என்று கேட்பீர்கள். பெரியம்மா போனைக் காதில்தான் வைப்பாள். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் வீடியோவில் அம்மாவுக்குத் தெரிந்தது ஒரு காது மட்டும்தான்.

ஒருமுறை நானும் பெரியம்மாவின் மகனும் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் பார்த்தோம். ஐந்தாவது மாடித் திருப்பத்தில் நாற்காலியின் கால் கழன்றது. "நான் என்ன பீரோவா? விடுங்கடா என்னை," என்று சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஏறிவிட்டாள். அதோடு சரி.

எனவே தினமும் மாலை நான்கு மணிக்கு இருவரும் மாடிப்படிகளின் நடுவில் இருக்கும் இடைவெளியில் தலையை நீட்டிக் கத்திப் பேசுவார்கள்.

"ஏண்டி, உயிரோட இருக்கியா?" என்று கீழிருந்து பெரியம்மா.

"உன் மூஞ்சியப் பார்க்காம நிம்மதியா இருக்கேன்க்கா!" என்று மேலிருந்து அம்மா.

"மேல காத்து வருதா?"

"காத்து வருது, ஆள்தான் வர மாட்டேங்குது!"

பிறகு ஆறாவது மாடிக் கப்பியில் ஓடும் ஒரு கயிற்றில் கட்டிய கூடை மேலும் கீழும் போகும். அதில் எலுமிச்சம்பழம், கத்தரிக்கோல், படித்து முடித்த செய்தித்தாள், சண்டை போட்ட நாளில் திருப்பி அனுப்பிய எலுமிச்சம்பழம். சண்டை முற்றினால் மூன்றாவது மாடிக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "பெரியவங்க சொல்றதுதாம்மா சரி," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போவார்.

லிஃப்டுக்காக நான் கொடுத்த புகார்கள் முப்பத்தொன்று. 'உதிரிபாகம் இருப்பில் இல்லை' என்ற பதிலும் முப்பத்தொன்று. அதனால்தான் படம் எடுக்கலாம் என்று தோன்றியது. படத்தை யாராவது பார்ப்பார்கள், லிஃப்ட் ஓடும், அம்மா அக்காவைப் பார்ப்பாள் என்று வரிசையாக எழுதி வைத்தேன். இப்போது படித்தால் மூன்றாவதைத் தவிர எல்லாம் அதிகப்படியாகத் தெரிகிறது.

வாரியத்தில் நான்கு கையெழுத்தையும் வாங்கிப் பார்த்த அலுவலர், "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க சார்."

"அப்ப நீங்க அவங்களைச் சார்ந்து இல்லைன்னு அவங்க நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும்."

"அவங்களால கீழ இறங்க முடியாது சார். படமே அதைப் பத்தித்தான்."

"படம் அப்புறம்மா. முதல்ல அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டு வர முடிஞ்சா படமே தேவையில்ல சார்."

"அப்ப விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"

நான் வாபஸ் வாங்கவில்லை. எனவே அவரே வீட்டுக்கு ஆய்வுக்கு வந்தார். ஆறு மாடி ஏறி வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கொடுத்த மூன்று டம்ளர் தண்ணீரையும் குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. அன்று முதல் அவருக்கு எங்கள் வீட்டில் பெயர் மூச்சுவாங்கி.

அவர் கோப்பைத் திறந்து, 'லிஃப்ட் இயங்கவில்லை என்பது விண்ணப்பதாரரின் கூற்று. உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதினார்.

"ஏன் சார், நீங்களே படியில ஏறித்தான வந்தீங்க?" என்றேன்.

"அதாம்மா. படியில வந்தவனுக்கு லிஃப்டைப் பத்தி எப்படித் தெரியும்?"

அம்மா நாலாவது டம்ளரை நீட்டினாள். "இந்தாங்க தம்பி. இன்னும் இறங்கணும்ல."

ஒரு மாதம் கழித்துப் பதிவு எண் வந்தது. நான் சுயாதீனம் ஆனேன். அதற்கடுத்துப் படிவம் ஏழு. தலைப்பு: 'படப்பிடிப்பில் நிகழவிருக்கும் எதிர்பாராத நிகழ்வுகளின் பட்டியல், மூன்று பிரதிகள்.'

"எதிர்பாராததை முன்னாடியே எப்படி சார் எழுதறது?" என்று வகுப்பில் கேட்டேன்.

"எதிர்பார்த்து எழுதணும்," என்றார் ஆசிரியர். "அதுலதான் ஒரு இயக்குநரோட திறமையே இருக்கு. என்னோட பாலத்துல மூணாவது எதிர்பாராத நிகழ்வு ஒரு மழை. பாவம், அந்தக் குழுவுல இருந்த அம்மா அங்கதான் உடைஞ்சாங்க."

படிவத்தின் பின்பக்கம் விதி அச்சிட்டிருந்தது. படத்தில் இருப்பது படிவத்தில் இல்லையென்றால் அது புனைவு. புனைவு எடுப்பவரின் பதிவு ரத்து. நான் ஒரு வாரம் யோசித்துப் பதினெட்டு எதிர்பாராத நிகழ்வுகளை எழுதினேன். அம்மா கோபித்துக்கொள்வது இரண்டு முறை, பெரியம்மா பழைய கதை சொல்வது மூன்று முறை, கூடையின் கயிறு சிக்குவது ஒரு முறை, இப்படி. கடைசிக் கட்டம், 'முடிவு'. ஆசிரியர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"நம்பிக்கை தர்ற மாதிரி போடும்மா. நம்பிக்கை இல்லாத முடிவுக்கு இன்னொரு படிவம் இருக்கு. அது ரொம்ப நீளம்."

எனவே எழுதினேன்: லிஃப்ட் சரியாகிறது. அம்மா கீழே வந்து அக்காவைப் பார்க்கிறார். இருவரும் பேசவில்லை. தேதி இல்லாத உண்மை ஏற்கப்படாது என்று இருந்ததால் தேதியும் போட்டேன். பதினேழாம் தேதி, வியாழன், மாலை நான்கு மணி. ஏன் பதினேழு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்று காலை கிடங்கில் பார்த்த இருமல் மருந்துப் பெட்டிகள் எல்லாம் பதினேழில் காலாவதியாகின.

ஒப்புதல் வந்தது. அந்த மாதம் முதல் வாரத்தில் படப்பிடிப்பு தொடங்கியது. எழுதியதைத் தவிர வேறு எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வாரியம் மூச்சுவாங்கியை அனுப்பியது. அவர் தரைத்தளத்தில் ஒரு ஸ்டூலில் படிவத்தோடு உட்கார்ந்தார். இனி வாழ்நாளில் படி ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

மாலை நான்கு மணி. கேமராவை ஓட விட்டேன். பெரியம்மா தலையை நீட்டி வாயைத் திறந்தாள். தும்மினாள்.

"நிறுத்துங்க," என்றார் மூச்சுவாங்கி. பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தடவினார். "தும்மல் இல்லையே."

"எனக்கே இப்பத்தான தெரியும்," என்றாள் பெரியம்மா.

"திருத்த விண்ணப்பம் போட்டுட்டுத் தும்மியிருக்கணும்மா."

மேலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னக்கா அங்க சத்தம்?"

"இனிமே தும்முறதா இருந்தா முந்தின வாரமே எழுதிக் குடுக்கணுமாம்டி!"

"நீ பேசறதைக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லி அதுலயே சேர்த்து எழுதச் சொல்லு!"

"இதுவும் இல்லை," என்றார் மூச்சுவாங்கி, பட்டியலைப் புரட்டியபடி. முதல் நாள் அவர் ஒப்புக்கொண்ட படம் நான்கு வினாடி. அதில் கூடை மட்டும் தொங்குகிறது.

ஒரு வாரத்தில் ஒரு நிமிடம் பத்து வினாடி சேர்ந்தது. ஆசிரியரிடம் சொன்னபோது அவர் முகம் லேசாக வாடியது. "வேகமா போறம்மா நீ," என்றார். "எங்க காலத்துல இப்படி அவசரப்பட மாட்டோம்."

பத்தாம் தேதி பெரியம்மாவின் மகன் வந்தான். அவனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. தன் அம்மாவைத் தனியாக விட முடியாது என்றான். பதினாறாம் தேதி காலை வேன் வருகிறது. வீட்டு வாடகை மாதக் கடைசி வரை கொடுத்தாகிவிட்டது, சாமான்கள் பாதி பிறகு போகும், பெரியம்மா மட்டும் முதலில்.

அன்று நான்கு மணிக்குப் படிக்கட்டில் சத்தம் இல்லை. நான் கீழே எட்டிப் பார்த்தேன். பெரியம்மா அண்ணாந்து நின்றிருந்தாள். மேலே அம்மா குனிந்து நின்றிருந்தாள். ஆறு மாடி உயரத்தில் ஒருவருக்கு மற்றவர் தலை ஒரு புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுக்கா," என்றாள் அம்மா கடைசியில்.

"பண்றேன்."

"காதுல வெக்காத."

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வாரியத் தலைவரைப் பார்க்கப் போனேன். தலைவரின் அறை மூன்றாவது மாடியில். வாரியத்தின் லிஃப்ட் நன்றாக ஓடியது. கதவில் 'தலைவர் மட்டும்' என்று எழுதியிருந்ததால் நான் படியில் போனேன்.

"சார், நான் எழுதின முடிவு நடக்காது போலிருக்கு," என்றேன். "லிஃப்ட் இன்னும் சரியாகல. பெரியம்மா பதினாறாம் தேதியே ஊருக்குப் போறாங்க. முடிவை மாத்திக்க அனுமதி வேணும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் ஒரு தந்தையுடையது மாதிரி இருந்தது.

"இந்த நாற்காலியில ஒன்பது வருஷமா உக்கார்ந்திருக்கேன்மா. ஒப்புதலான படிவத்துல ஒரு எழுத்தை மாத்தினதில்ல. படிவத்தைத் திருத்த இந்த வாரியத்துக்கு அதிகாரமே கிடையாது."

"அப்ப என்ன சார் பண்றது?"

"உண்மையைத் திருத்தலாம். அதுக்கு அதிகாரம் இருக்கு." அவர் மணியை அழுத்தினார். "பதினேழாம் தேதி நாலு மணிக்கு உங்க லிஃப்ட் ஓடும். நான் எழுதறேன்."

"ஆனா பெரியம்மா பதினாறாம் தேதியே..."

"ஊருக்குப் போறது பட்டியல்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப போக மாட்டாங்க," என்று அன்பாகச் சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் வந்தார். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய், சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ரிலே என்கிற ஒரு மின்பாகத்தை எடுத்துப் பொருத்தினார். இருபது நிமிடம். கீழே லிஃப்ட் தொண்டையைக் கனைத்தது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான்."

"ரெண்டு வருஷமா இருப்புல இல்லன்னாங்களே?"

"இப்பவும் இல்ல. இது வாரியத்து லிஃப்ட்ல இருந்து கழட்டினது. பதினேழாம் தேதி நாலு மணி வரைக்கும் இங்க இருக்கலாம், நாலு அடிச்சா கழட்டித் திரும்பக் கொண்டாந்துடணும்னு தலைவர் கையெழுத்தோட கடிதம். அவருக்குப் படி ஏற முடியாதாம். அதுவரைக்கும் கீழ வரவேற்பறையிலயே கோப்பு பார்க்கறாரு."

லிஃப்ட் ஓடுகிறது என்று கத்திக்கொண்டே நான் ஆறாவது மாடிக்கு ஓடினேன். அம்மா புடவையை மாற்றி, தலையை வாரி, கைப்பையோடு லிஃப்ட் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் திரும்பக் கீழே வந்தபோது மூச்சுவாங்கி தரைத்தளத்து மின்விசைப் பெட்டியின் கைப்பிடியைக் கீழே இழுத்து, கம்பி சுற்றி, ஈய முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"பதினேழாம் தேதிக்கு முன்னாடி ஓடினா முடிவு முன்னாடியே வந்துடும்மா. படத்துல முடிவு நடுவுல வரலாமா? நீங்க படிச்சவங்க."

அம்மா சனிக்கிழமை, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கைப்பையோடு அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நல்ல நிலையில் இருக்கும் லிஃப்ட் ஓடாமல் நிற்பதும், கெட்ட லிஃப்ட் ஓடாமல் நிற்பதும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கின்றன.

செவ்வாய், பதினைந்தாம் தேதி. மறுநாள் காலை வேன். நான் கிடங்கிலிருந்து மதியமே வந்துவிட்டேன். முத்திரையே காவல் இருக்கிறதென்று மூச்சுவாங்கி பதினேழு வரை வருவதில்லை. வரும்போது முத்திரை இடுக்கியையும் ஒரு மெல்லிய ஊசியையும் பையில் போட்டுக்கொண்டேன். திருட்டுத்தனமாகத் திறந்த முத்திரையைக் கண்டுபிடிப்பது என் வேலை. ஏழு வருடமாக அதைக் கண்டுபிடித்தவளுக்கு, கண்டுபிடிக்க முடியாதபடி திறப்பது எப்படி என்று தெரியாமல் இருக்காது. ஈய வில்லையின் பின்பக்கம் ஊசியை விட்டு நெம்பினால் கம்பி முழுதாக வெளியே வரும். திரும்ப நுழைத்து இடுக்கியால் ஓர் அழுத்து. அவ்வளவுதான். அதை அதுவரை நான் செய்ததில்லை. பதிவு போய்விடும், படம் போய்விடும் என்று இரண்டு தடவை ஊசியைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். மூன்றாவது மாடிக்காரர் வாசலில் நின்று தெருவைக் காவல் காத்தார். "சீக்கிரம்மா, எனக்குப் படபடன்னு வருது," என்றார்.

கைப்பிடியை மேலே தள்ளி, லிஃப்டில் ஏறி, ஆறாவது மாடியில் கதவைத் திறந்தேன். அம்மா எழுந்தாள். இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். தரைத்தளத்தில் கம்பிக் கதவை விலக்கினேன். பெரியம்மா கட்டி வைத்த பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிர்ந்தாள்.

என் படிவத்தின்படி இருவரும் பேசக் கூடாது.

"என்னடி இப்படிப் பெருத்துட்ட?" என்றாள் பெரியம்மா.

"நீ பாதியாப் போயிட்ட," என்றாள் அம்மா. "ரெண்டு பேரையும் சேர்த்தா கணக்கு சரியாத்தான் இருக்கு, போ."

பிறகு பெரியம்மா அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குத் திருப்பி, வாங்கப்போகும் பொருளைப் பார்க்கிற மாதிரி வெகு நேரம் பார்த்தாள். கேமரா என் பையில் இருந்தது. குறிப்பேட்டில் அன்றைக்கு ஒரே வரிதான் இருக்கிறது: 15, செவ்வாய், மாலை 4.02, படம் எடுக்கவில்லை.

நான் மின்விசையை இறக்கி முத்திரையைப் பழையபடி அழுத்தினேன். அதற்கு முன்பே அம்மா மேலே வர மறுத்துவிட்டிருந்தாள். மாதக் கடைசி வரை பெரியம்மா வீடு இருக்கிறதே என்றாள். மறுநாள் வேன் வந்தது. பெரியம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அம்மா தெருவில், தெருவிலேயே, நின்று கையாட்டினாள்.

பதினேழாம் தேதி மாலை மூன்றரை மணிக்கு வாரியத்தின் கார் வந்தது. கட்டடத்தில் எல்லோரும் தரைத்தளத்தில் கூடியிருந்தார்கள். ஊருக்குப் போவது பட்டியலில் இல்லாததால் பெரியம்மாவும் வந்திருப்பதாக மூச்சுவாங்கி குறித்துக்கொண்டார். தலைவர் லிஃப்டுக்கு முன்னால் நின்று உரையாற்றினார்.

"சுயாதீனமான ஆவணப்படம்தான் ஒரு சமுதாயத்தோட மனசாட்சி. அதனாலதான் அந்த மனசாட்சியை நாங்க மூணு பிரதி வாங்கி, பூட்டிப் பத்திரமா வெச்சிருக்கோம். இளைஞர்கள் யாரைப் பார்த்தும் பயப்படக் கூடாது. எங்ககிட்ட கேட்டுட்டு யாரை வேணும்னாலும் எதிர்த்துப் பேசலாம். இந்த வாரியத்துல ஒப்புதல் வாங்கின ஒரு படத்துலகூட இதுவரைக்கும் யாரும் ஒரு பொய்யைக் கண்டுபிடிச்சதில்ல. ஏன்னா..." அவர் சற்று யோசித்தார். "ஏன்னா, எந்தப் படமும் இன்னும் முடியல."

கை தட்டினார்கள். அவர் உற்சாகமாகி மேலும் பதினைந்து நிமிடம் பேசினார். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மூச்சுவாங்கி மின்விசைப் பெட்டிக்குப் போய் முத்திரையை முன்னும் பின்னும் பார்த்தார்.

"முத்திரை அப்படியே இருக்கு சார். யாரும் தொடல. அப்ப தாயார் ஆறாவது மாடியிலதான் இருக்காங்க."

"நான் இங்கதான் தம்பி இருக்கேன்," என்றாள் அம்மா. பெரியம்மா வீட்டு வாசலில், கழன்ற காலை ஆணி அடித்துச் சரிசெய்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மூச்சுவாங்கி அம்மாவைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். "முத்திரை இருக்கேம்மா," என்றார் பரிதாபமாக.

"நாலு டம்ளர் தண்ணி குடுத்த ஆளையே தெரியலையா?"

"தெரியுதும்மா. ஆனா நீங்க இங்க இருக்க வழியில்ல."

"வாதம் வேண்டாம்," என்றார் தலைவர். "தாயார் மேல இருக்காங்க. நாலு மணிக்குக் கீழ வரணும். நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்." மூச்சுவாங்கி முத்திரையை வெட்டி மின்விசையைப் போட்டார். தலைவர் அம்மாவைத் தாண்டி, "கொஞ்சம் வழி விடுங்கம்மா," என்று சொல்லி, லிஃப்டில் ஏறி ஆறாம் எண்ணை அழுத்தினார். லிஃப்ட் மேலே போனது. அடிமாடு மாதிரி முனகிக்கொண்டு மெதுவாகப் போனது. ஒன்று. இரண்டு. மூன்று. பள்ளிக்கூடத்திலிருந்தோ எங்கிருந்தோ மணி நான்கு அடித்தது.

லிஃப்ட் நின்றது.

நான் கேமராவை எடுத்துக்கொண்டு படியில் ஓடினேன். நான்காவது மாடியின் கம்பிக் கதவு வழியாகப் பார்த்தால், மேல் பக்கத்தில் பளபளப்பான இரண்டு கறுப்பு ஷூக்களும் முழங்கால் வரை பேன்ட்டும் தெரிந்தன. மேலிருந்து மெக்கானிக் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வந்தார். சட்டைப் பை தீப்பெட்டி அளவுக்குப் புடைத்திருந்தது.

"யாருப்பா அங்க? போட்டுத் தொலைங்க!" என்றன ஷூக்கள்.

"தலைவர் ஐயாவா?" மெக்கானிக் குனிந்து ஷூக்களுக்கு வணக்கம் சொன்னார். "கடிதத்துல நாலு மணின்னு இருக்குங்க. உங்க கையெழுத்துதான். மறுபடியும் போடணும்னா பழுதுன்னு ஒரு புகார் வேணும். நான் இதை உங்க ஆபீஸ்ல பொருத்தி வெச்சுடறேன், நீங்க வந்தா உடனே மேல போகலாம்." சொன்ன சொல் மாறாதவராக இறங்கிப் போனார்.

கீழிருந்து மூச்சுவாங்கி குரல் கொடுத்தார். அவர் ஏறி வரவில்லை. "சார், நாலு மணிக்கு முடிவு நடந்ததுன்னு சான்று கையெழுத்தாகணும். இன்னைக்குத் தேதியிலயே போகணும், இல்லன்னா வாரியமே புனைவுன்னு ஆயிடும் சார்!"

ஷூக்கள் குரல் வந்த பக்கம் திரும்பின. "முதல்ல கையெழுத்து," என்றன. "கதவு அப்புறம். கோப்பை அனுப்புங்க."

அம்மாவின் கூடையில் கோப்பு மேலே வந்தது. நான் எடுத்துக் கம்பிகளின் இடைவெளியில் நீட்டினேன். ஒரு கை கீழே வந்து வாங்கிக்கொண்டது. 'லிஃப்ட் சரியாக இயங்குகிறது. தாயார் கீழே வந்தார்' என்ற வரியின் கீழ் தலைவர் கையெழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "உங்க படிவம் கேடயத்துக்குத் தகுதியானதும்மா," என்றது குரல். கோப்பு கூடையில் இறங்கியது. மூச்சுவாங்கி சான்றைப் படம் பிடித்து லிஃப்ட் துறைக்கு அனுப்பினார். பிறகு அதே துறைக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் வைத்து, லிஃப்ட் பழுது என்று புகார் சொன்னார்.

"எந்தக் கட்டடம்?" என்றது மறுமுனை. "சரியா ஓடுதுன்னு தலைவர் கையெழுத்தோட இப்பத்தான வந்துச்சு? ஓடுற லிஃப்டுக்குப் புகார் எடுக்க முடியாதுங்க. அவரையே ரத்து பண்ணி அனுப்பச் சொல்லுங்க."

"ஒப்புதலான படிவத்துல..." என்று தொடங்கிய மூச்சுவாங்கி, மேலே பார்த்து நிறுத்திக்கொண்டார்.

என் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எப்போது அழுத்தினேன் என்று தெரியவில்லை. சிவப்பு விளக்கு தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நிறுத்தும்மா. இது பட்டியல்ல இல்ல."

"பட்டியல்ல இல்லாதது நடக்காதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க," என்றேன். "நடக்காததை எப்படி சார் நிறுத்தறது?"

ஷூக்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கின. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவப்படுகிறவள் இயக்குநர் ஆக முடியுமா என்றும் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டேன்.

கீழே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அம்மா படிக்கட்டின் இடைவெளிக்கு வந்து, பெரியம்மா நிற்கும் அதே இடத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"சார், உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்மா," என்றது மேலிருந்து குரல்.

"மேல காத்து வருதா?"

"கொஞ்சம் வருது."

"பேசிக்கிட்டே இருங்க, நேரம் போறதே தெரியாது. நான் ரெண்டு வருஷம் ஓட்டலையா?" அம்மா கூடைக்குள் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டுக் கயிற்றை இழுத்தாள். "இந்தாங்க, மோந்துக்கிட்டு இருங்க. தும்மல் வந்தா மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க. எழுதிக்கணும்."